செண்பகவல்லிக்குக் காது கேட்டது

செண்பகவல்லி கட்டிய மோட்டார் காயில் எரியாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். எல்லாக் காயிலும் ஒருநாள் எரியும். கிணற்றில் தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓடவிட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்த்தால், பிரம்மாவே கட்டிய காயில் என்றாலும் எரியத்தான் செய்யும். ஆனால் மேலநீலிதநல்லூர், பனவடலிசத்திரம் பக்கத்து விவசாயச் சம்சாரிகள் எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்தால், வழியில் நாலு கடை இருந்தாலும் தாண்டி, ராஜபாளையம் ரோட்டில் மருதப்பன் கடைக்குத்தான் வருவார்கள். போர்டில் இருப்பது மருதப்பன் பெயர். உள்ளே உட்கார்ந்து செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது அவன் பெண்டாட்டி. அவள் என் தங்கச்சி.

நான் வெள்ளத்துரை, அவளுக்கு ஆறு வயது மூத்தவன். மேல்நிலைப் பள்ளியில் இருபத்து மூன்று வருஷமாக விலங்கியல் வாத்தியார். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால், யாரை எந்த டாக்டரிடம் காட்டுவது, எவனுக்கு எவளைக் கட்டுவது என்று எல்லாவற்றுக்கும் கடைசி வார்த்தை என்னிடம்தான் வரும். எனக்கும் அதில் தலைக்கனம் உண்டு. இல்லை என்று சொன்னால் என் பெண்டாட்டியே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். செண்பகவல்லி பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்கினாள். மேலே படிக்க வேண்டாம் என்று வீட்டில் முடிவானபோது நானும் சரி என்று தலையை ஆட்டினேன்.

மருதப்பனிடம் வாழ வந்தவள், கடையில் சும்மா உட்கார்ந்து பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டாள். எரிந்த கம்பியை அறுத்தெடுத்து, மோட்டாரின் இரும்புக் கூட்டில் உள்ள பள்ளங்களைத் துடைத்து, உள்ளே காகிதம் வைத்து, புதுக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக இறக்க வேண்டும். காயில் கம்பி வெறும் செம்பாகத் தெரியும், ஆனால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத எனாமல் பூச்சு இருக்கிறது. நகம் பட்டு அது ஓர் இடத்தில் உரிந்தாலும் போச்சு, மோட்டார் புகைந்துவிடும். அதனால் வேலைக்கு உட்காரும்போது வளையலைக் கழற்றி வைத்துவிடுவாள். சுற்று எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால் அவ்வளவுதான். “எண்ணுதது தெரியல? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?” என்று சம்சாரிகளையே வைவாள். அவர்களும் சிரித்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள்.

இது இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆடி மாதம் நடந்தது. அதற்குப் பதினைந்து நாள் முன்னால் அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்து, மூன்று நாளில் சரியாகிவிட்டது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆடித்தபசுக்குக் கொடி ஏறியது. எங்கள் ஊரில் கொடி ஏறினால் ஆடிச்சுற்று. கோமதியம்மன் ஒற்றைக்காலில் நின்று தவம் செய்யும் நாட்கள் அவை. அந்தக் கால்வலியில் கொஞ்சத்தை நாமும் வாங்கிக்கொள்வோம் என்று சனங்கள் கோயிலை நூற்றெட்டு முறை சுற்றுவார்கள். ஒரே மூச்சில் முடியாதவர்கள் பல நாளாகப் பிரித்துச் சுற்றுவார்கள். அந்த நாட்களில் ஊரில் காலை நொண்டாமல் நடக்கிற பொம்பளையைப் பார்ப்பது அபூர்வம். கால் வலிக்கிறது என்று யாரும் டாக்டரிடம் போவதும் இல்லை. அம்மன் கொடுத்ததை மாத்திரை போட்டு அமர்த்துவார்களா?

செண்பகவல்லி எண்பது சுற்று முடித்த அன்று காலையில் என் வீட்டுக்கு வந்தாள். “அண்ணே, கால்விரலெல்லாம் எறும்பு ஊருத மாதிரி இருக்கு. தரையில காலு வச்சா பஞ்சுல வச்ச மாதிரி இருக்கு” என்றாள்.

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். “ஏட்டி, எண்பது சுத்து சுத்துனா காலு மரக்காம பூவா பூக்கும்? போயி வெந்நீர் ஊத்து” என்றேன்.

இப்போது நினைத்தாலும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரத்துப்போவது, விரலில் தொடங்கி மேலே ஏறுவது, அதற்கு முன்னால் வயிற்றுப்போக்கு. மூன்றும் என் கண் முன்னால் நின்றன. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நியூரான் படத்தைக் கரும்பலகையில் நூறு தடவை வரைந்தவன் நான். அந்த நியூரான் என் முன்னால் வந்து நின்று, கால் மரக்கிறது என்று சொன்னபோது எனக்குத் தெரியவில்லை.

மறுநாளும் சுற்றினாள். நூற்றெட்டை முடித்துவிட்டுக் கோயில் வாசல் படியில் முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு சங்கரம்மாள் தூக்கிவிட்டு, “அம்மன் ஒனக்கு முழுசாக் குடுத்துட்டா, குடுத்து வச்சவ” என்றாளாம். செண்பகவல்லிக்கு அதில் பெருமை வேறு. ஆட்டோவில் வீட்டுக்கு வந்தாள். அதற்கு அடுத்த நாள் கடையில் காயில் கட்ட உட்கார்ந்தபோது விரலிடுக்கில் இருந்து கம்பி நழுவி நழுவி விழுந்தது. அப்போதுதான் மருதப்பன் எனக்குப் போன் போட்டான்.

“மச்சான், காலு சரி. கை எந்தக் கோயிலச் சுத்துச்சு?”

எட்டாம் வகுப்புப் படித்தவன் கேட்டான். அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அன்றைக்குத்தான் தபசு. ஊரெல்லாம் கூட்டம், ரோட்டை அடைத்து வைத்திருந்தார்கள். காரைக் கொண்டுவந்து அவளைத் தூக்கிப்போட்டு ஊரைத் தாண்டுவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது அவள் பேச்சு மூக்கால் வந்தது. கொடுத்த தண்ணீர் கடைவாயில் வழிந்தது. மறுநாள் காலை மூச்சு விடும் சதையும் தளர்ந்துவிட்டது. தொண்டைக்குள் குழாயை இறக்கி மிஷினில் மாட்டினார்கள்.

வயிற்றுப்போக்குக் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் படை, கிருமி போன பிறகும் அடங்காமல், ஆள் தெரியாமல் நரம்பைக் கடித்துத் தின்கிற நோய் இது. வருஷத்துக்கு லட்சம் பேரில் ஒருவருக்கோ இரண்டு பேருக்கோ வரும். எதைத் தின்கிறது என்று புரிய வேண்டுமானால் நான் கொஞ்சம் வகுப்பு எடுத்தாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நரம்பு செல்லுக்கு ஓர் உடல், அதைச் சுற்றிச் செய்தி வாங்குகிற குட்டிக் கிளைகள், செய்தியைக் கொண்டுபோக ஒரு நீண்ட வால். அந்த வாலுக்குத்தான் ஆக்சான் என்று பெயர். செண்பகவல்லியின் கால் பெருவிரலை மடக்கச் சொல்லுகிற செல்லின் உடல் அவள் முதுகுத் தண்டின் அடிப்பகுதியில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு. அதன் வாலோ அங்கிருந்து பாதம் வரைக்கும் ஒரே துண்டாகக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஓடுகிறது.

இதைச் சொன்னதும் எல்லோரும் “ஓ, கரண்ட் கம்பி மாதிரி” என்பார்கள். எனக்கு அங்கேதான் எரிச்சல் வரும். கம்பி மாதிரி இல்லை ஐயா. கம்பியில் கரண்ட் நீளவாக்கில் ஓடுகிறது. நரம்பில் நடப்பது உப்பு வேலை. வாலின் சுவருக்கு வெளியே சோடியம் நிறைய, உள்ளே பொட்டாசியம் நிறைய. சும்மா இருக்கும்போது உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட எழுபது மில்லிவோல்ட் தாழ்ந்து கிடக்கும். செய்தி வந்ததும் சுவரில் உள்ள கதவுகள் திறந்து சோடியம் திமுதிமுவென்று உள்ளே புகும். தாழ்ந்து கிடந்தது மேலே ஏறும். அந்த ஏற்றம் அடுத்த இடத்துக் கதவைத் திறக்கும், அது அதற்கடுத்ததை. ஓர் இடத்தில் திறந்து மூடுவதற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிதான் ஆகும். ஆனாலும் இப்படி ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு போனால் செய்தி பாதம் போய்ச் சேர நேரமாகும். அதற்காகத்தான் வாலின் மேல் வேறு செல்கள் கொழுப்புப் படலத்தைச் சுற்றுச் சுற்றாகச் சுற்றி வைத்திருக்கின்றன. மையலின் உறை. நடுநடுவே சிறு இடைவெளி மட்டும் விட்டிருக்கும். செய்தி ஓர் இடைவெளியில் இருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவும். விநாடிக்கு ஐம்பது மீட்டர் வேகம். அந்த உறையைத்தான் நோய் தின்றது. உறை போன இடத்தில் செய்தி கசிந்து, அடுத்த இடைவெளிக்குத் தாவத் தெம்பில்லாமல் பாதி வழியில் செத்துவிடும். முதுகில் உட்கார்ந்திருக்கும் செல் “மடங்கு, மடங்கு” என்று கத்திக்கொண்டே இருக்கும். விரலுக்குக் கேட்காது.

மிஷினில் மாட்டிய அன்றே நரம்பு டாக்டர் ஜெயசித்ரா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். “இவங்களுக்கு மூளையில ஒண்ணும் இல்ல. காது நல்லாக் கேட்கும், புத்தி முழுசா இருக்கும். கண்ணைத் திறக்க முடியாது, கையைக் காலை அசைக்க முடியாது, அவ்வளவுதான். தெனமும் பக்கத்துல நின்னு பேசுங்க. வாரக்கணக்காகும், மாசக்கணக்காகவும் ஆகலாம்.” ஐந்து நாள் ரத்தக் குழாயில் மருந்து ஏற்றினார்கள். நான் தலையைத் தலையை ஆட்டினேன். என் சப்ஜெக்ட் அல்லவா!

அவள் உள்ளே கிடந்த கதையைப் பின்னால் கேட்டு அறிந்ததை வைத்துச் சொல்கிறேன். இமையைத் தூக்க முடியாது. கண் உலர்ந்துவிடும் என்று அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். காலை எது மாலை எது என்று தெரியாது. மிஷின் ஊதுகிற நேரத்தில்தான் மூச்சு. அவளுக்கு ஒரு மூச்சு கூடுதலாக வேண்டும் என்றிருந்தாலும் அது தரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். தொண்டையில் சளியை உறிஞ்ச ஒரு குழாயை விடுவார்கள். அப்போது உயிரே உருவிக்கொண்டு வெளியே வருவது போல் இருக்குமாம். கத்த வேண்டும், குரல் இல்லை. தள்ள வேண்டும், கை இல்லை. அழுதால் கண்ணீர் வந்தது. கண்ணில் மருந்து போட்டது வழிகிறது என்று நர்ஸ் துடைத்துவிட்டுப் போனாள்.

ஒருநாள் படுக்கை விரிப்பில் ஒரு மடிப்பு விழுந்து வலது தோளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. திருப்பிப் படுக்கவைக்கும்வரை அது அவளை அறுத்தது. உறை போனால் வலியும் தெரியாமல் போக வேண்டாமா என்று கேட்பீர்கள். அதுதான் இல்லை. சதையை அசைக்கச் சொல்லும் நரம்புக்குத்தான் தடித்த உறை. வலியைச் சொல்லும் நரம்புகளில் பாதிக்கு மேல் உறையே இல்லாதவை, மெதுவாக ஊர்ந்து போகிறவை. இல்லாத உறையை நோய் எப்படித் தின்னும்? ஆகவே உள்ளே போகிற வலியெல்லாம் போய்க்கொண்டிருந்தது, வெளியே வர வேண்டிய ஒரு சொல் வரவில்லை. இதை எந்தப் பாவி வடிவமைத்தானோ தெரியவில்லை.

பைத்தியம் பிடிக்காமல் இருக்க அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மிஷின் ஊதுவதை வைத்துக் காயில் கட்டினாள். ஒரு மூச்சுக்கு ஒரு சுற்று. அஞ்சு குதிரைசக்தி மோட்டார் ஒன்றை எடுத்து, மனசுக்குள்ளேயே பழைய கம்பியை அறுத்து, பள்ளம் பள்ளமாக இறக்கிக்கொண்டே போனாள். குழாயை விட்டு உறிஞ்சும்போது எண்ணிக்கை தப்பிப் போகும். முதலில் இருந்து தொடங்குவாள். முதல் பன்னிரண்டு நாளில் ஒரு மோட்டார்கூட முடியவில்லை என்று சொன்னாள்.

பன்னிரண்டாம் நாள். நரம்பைச் சோதித்த ரிப்போர்ட் வந்தது. கணுக்காலில் சிறு மின்சாரம் கொடுத்து, பாதத்துச் சதையில் அலை வருகிறதா என்று பார்க்கிற சோதனை. கையிலும் அதே மாதிரி, மணிக்கட்டில் கொடுத்து உள்ளங்கையில் பார்ப்பார்கள். டாக்டர் ஜெயசித்ரா மதியம்தான் வருவார். அதுவரை பொறுக்க எனக்கு முடியவில்லை. தாளை வாங்கிப் படித்தேன். வலது கால், இடது கால், வலது கை, இடது கை, எல்லாவற்றுக்கும் நேரே ஒரே வார்த்தை: நோ ரெஸ்பான்ஸ். அலை இருக்க வேண்டிய இடத்தில் நேர்கோடு.

ராத்திரியெல்லாம் செல்போனில் இந்த நோயைப் பற்றிப் படித்து வைத்திருந்தேன். உறை மட்டும் போனால் திரும்ப வளரும், உள்ளே இருக்கும் வாலே செத்தால் ரொம்பக் கஷ்டம் என்று அதில் இருந்தது. நேர்கோட்டைப் பார்த்ததும், வாலே செத்துவிட்டது என்று நானாகத் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

பார்வை நேரத்தில் அவள் கட்டிலைச் சுற்றி நாங்கள் மூன்று பேர். நான், மருதப்பன், எங்கள் சித்தப்பா சண்முகையா. சித்தப்பா அன்று காலையில்தான் ஊரில் இருந்து வந்திருந்தார். வரும்போதே ஆக்சிஜன் வைத்த ஆம்புலன்ஸ் ஒன்றைப் பேசி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

“என்னலே வெள்ளத்துரை, என்ன போட்டிருக்கான்?” என்றார்.

“எல்லாம் போச்சு சித்தப்பா. ஒரு நரம்புலயும் உயிரு இல்ல. கூட்டிட்டுப் போயிருவோம்” என்றேன். சாதாரணக் குரலில்தான் சொன்னேன். அவள் தலைமாட்டில் நின்றுகொண்டு, அவள் காதில் இருந்து இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு சொன்னேன்.

“அதத்தான் நானும் சொல்லுதேன். அவளுக்கு என்ன தெரியப் போவுது? கட்ட மாதிரி கிடக்கா. போற உசுரு வீட்டுல போவட்டும். இங்கன செத்தா அப்புறம் வாசலுக்குள்ள கொண்டுபோறதுக்கு ஆயிரம் பேச்சு” என்றார் சித்தப்பா.

கூட்டிப் போவது என்றால் என்ன என்று மூன்று பேருக்கும் தெரியும். மிஷினைக் கழற்றினால் ஆம்புலன்ஸ் திருநெல்வேலியைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். கட்டிலில் கிடந்தவளுக்கும் அது தெரியும். காது கேட்கும் என்று டாக்டர் சொன்னது என் நினைவில் இல்லையா என்று கேட்டால், இருந்தது. ஆனால் பன்னிரண்டு நாளாக ஒரு இமைகூட அசையாத உடம்போடு பேசிப் பேசி, உள்ளே ஆள் இருக்கிறது என்கிற நம்பிக்கை எனக்குத் தேய்ந்துவிட்டது. அவள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை என்பதும் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், எனக்கு அலுத்துவிட்டது. ஸ்கூலுக்கு லீவு போட்டு, பெஞ்சில் படுத்து, கேன்டீன் இட்லி தின்று அலுத்துவிட்டது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் உண்மை.

மருதப்பன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் இருந்த இங்கிலீஷ் அவனுக்குப் புரியாது.

“மச்சான், கரண்ட எங்கன குடுத்தாவ?”

“கணுக்கால்ல.”

“மீட்டர எங்கன வச்சாவ?”

“பாதத்துல.”

“அப்போ கணுக்காலுக்கும் பாதத்துக்கும் நடுவுல இருக்க துண்டத்தான் பாத்திருக்காவ. மேல முதுகுல இருந்து கணுக்கால் வரைக்கும் பாக்கவே இல்லியே?”

“மாப்ளே, சும்மா இரு. எல்லாத்துலயும் நேர்கோடு வந்திருக்கு. ஒனக்குப் புரியாது.”

“எனக்குப் புரியாதுதான். ஆனா எங் கடைக்கு மோட்டார் வருது. மீட்டர் வச்சா முள்ளு அசையாது. சம்சாரி காயில் எரிஞ்சுபோச்சுன்னு தலையில அடிச்சுக்கிடுதான். பிரிச்சுப் பாத்தா காயில் தங்கமா இருக்கும். வெளிய வாற முனை, கடைசி ஒரு இஞ்சு, அதுதான் அந்துபோயிருக்கும். முள்ளு அசையலைன்னு நல்ல காயில அறுத்துப் போட்டா நான் என்ன மெக்கானிக்கு?”

“மனுச ஒடம்பும் மோட்டாரும் ஒண்ணா? கோட்டி பிடிச்ச பைத்தியக்காரன் மாதிரிப் பேசாத!” நான் கத்தியேவிட்டேன். ஐசியூ என்று பார்க்கவில்லை. நர்ஸ் ஓடிவந்து எங்களை வெளியே போகச் சொன்னாள்.

வெளியே வராந்தாவில் சித்தப்பா தாளும் பேனாவும் வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் பொறுப்பில் கூட்டிப் போகிறோம் என்று எழுதிப் புருஷன் கையெழுத்துப் போட வேண்டும். மருதப்பன் இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஐசியூ வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டான். “டாக்டரம்மா வரட்டும். அவிய வாயால சொல்லட்டும்” என்றான். சித்தப்பா திட்டினார். நான் புத்தி சொன்னேன். ஆம்புலன்ஸ்காரன் இரண்டு தடவை வந்து, “அண்ணாச்சி, இருக்கவா போகவா?” என்று கேட்டான். மூன்று மணி நேரம் அந்த மனுஷன் அசையவில்லை.

டாக்டர் ஜெயசித்ரா வந்ததும் நான் முந்திக்கொண்டு போய் ரிப்போர்ட்டை நீட்டி, என் விலங்கியலை எல்லாம் கொட்டி, “ஆக்சான் போயிருச்சு இல்லையா டாக்டர்?” என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“யார் சொன்னா? இந்த டெஸ்ட் கடைசித் துண்டை மட்டும்தான் பார்க்குது. அந்த இடத்துல உறை மொத்தமாப் போயிருந்தாலும் நேர்கோடுதான் வரும். வால் உயிரோட இருக்கலாம், செத்தும் இருக்கலாம். இப்போ யாராலும் சொல்ல முடியாது. ரெண்டு மூணு வாரம் கழிச்சுத் திரும்பப் பார்த்தாத்தான் தெரியும்.”

மருதப்பன் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தான். அவன் “நான் அப்பவே சொன்னேம்லா” என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவனோ டாக்டரைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். சித்தப்பா ஆம்புலன்ஸிலேயே ஏறி ஊருக்குப் போனார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் தங்கச்சி பிழைக்க வழி இருக்கிறதே என்ற சந்தோஷத்தைவிட, எட்டாம் வகுப்புக்காரன் முன்னால் தோற்றுவிட்டேனே என்கிற கடுப்புதான் கூடுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு மருதப்பன் ஒவ்வொரு நாளும் பார்வை நேரம் முழுக்க அவள் காதோரம் குனிந்து கடைக் கதை சொன்னான். “ஏட்டி, சிவகிரிக்காரன் மோட்டாரு வந்துருக்கு. எவனோ கூறு கெட்டவன் கட்டியிருக்கான், வார்னிஷே ஒழுங்காப் போடல. நீ வந்து பாத்தா அவன வைவ.” மகள் பொன்செல்வி காலேஜ் முடிந்து வந்து அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்தாள். தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாயை மாற்றினார்கள். இருபது நாள் இப்படியே போயிற்று. நானும் போனேன். போய் நின்றேன். மணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டாவது சோதனையில் நேர்கோட்டின் நடுவே ஒரு சின்ன மேடு. துணியில் விழுந்த சுருக்கம் போல அவ்வளவு சின்னது. டாக்டர் அதைப் பேனாவால் சுற்றிக் காட்டினார். அதற்கு நாலாம் நாள் அவளது இடது புருவம் அசைந்தது. பொன்செல்விதான் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரரின் சொந்தக்காரர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். மருதப்பன் ஒரு மூலையில் போய் நின்று, சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதான். நானும் அழுதேன், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

உறையைச் சுற்றுகிற செல்கள் மறுபடி வேலையைத் தொடங்கியிருந்தன. புருவம், இமை, கழுத்து, தோள் என்று மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. கடைசியில் போனது முதலில் வந்தது, முதலில் போன பாதம் கடைசியில்தான் வந்தது. கார்த்திகையில் மிஷின் இல்லாமல் வீட்டுக்கு வந்தாள். சக்கர நாற்காலி, அப்புறம் நாலு கால் கம்பு, அப்புறம் பொன்செல்வியின் தோள். அடுத்த சித்திரையில் தானாக நடந்தாள். பாதம் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. மெல்லிய கம்பியை விரலால் பிடிக்க முடியவில்லை. தடித்த கம்பி கட்டுகிறாள். முன்பு ஒரு நாளில் முடித்ததற்கு இப்போது மூன்று நாள் ஆகிறது. சம்சாரிகள் காத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அந்தச் சித்திரை வரைக்கும் என்னை ஒரு கேள்வி அரித்தது. அன்றைக்கு அவளுக்குக் கேட்டதா? டாக்டர் சொன்னபடி பார்த்தால் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. என்னைப் பார்த்தால் “வா அண்ணே, காப்பி குடிச்சியா?” என்று எப்போதும் போலத்தான் கேட்பாள். அவள் சிரித்தால் பயம், சிரிக்காவிட்டாலும் பயம். அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதெல்லாம் திரும்பிப் போய்விடலாமா என்று பார்ப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருதப்பன் மோட்டார் இறக்கப் பனவடலிசத்திரம் போயிருந்தான். கடையில் அவள் மட்டும் இருந்தாள். கேட்டுத் தொலைத்துவிடுவது என்று போனேன்.

“ஏட்டி செம்பகம், ஆஸ்பத்திரில நாங்க பேசுனதெல்லாம் ஒனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“எல்லாமா?”

“எல்லாந்தான். வேற என்ன சோலி எனக்கு?” கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்தாள். “கூட்டிட்டுப் போயிருவோம்னு நீ சொன்ன பாரு அண்ணே, அப்போ எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா?”

நான் திடுக்கிட்டுப் பார்த்தேன். அவள் கிண்டல் செய்யவில்லை.

“அப்பாடான்னு இருந்துச்சு. தொண்டைக்குள்ள அந்தக் குழாய விடுத ஒவ்வொரு தடவையும் நான் செத்துச் செத்துப் பொழச்சேன். முடிஞ்சா போதும்னு இருந்துச்சு. எம் பாடு எங்க அண்ணன் ஒருத்தனுக்குத்தான் தெரியுதுன்னு நெனச்சேன். அப்புறம் இவுக பாரு, மீட்டரு முள்ளுன்னு என்னத்தயோ பேசிக்கிட்டு, குறுக்க விழுந்துட்டாக. மனசுக்குள்ள திட்டு திட்டுன்னு வஞ்சேன் பாரு, இருபது வருசத்துல இவுகள அப்படி வஞ்சதில்ல. இன்னைக்கு வரைக்கும் இவுககிட்ட அதச் சொல்லல. நீயும் சொல்லிராத.”

எனக்கு அப்படியே நெஞ்சு லேசாகிவிட்டது. ஒன்பது மாதமாகச் சுமந்ததை இறக்கி வைத்தது போல் இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். வாத்தியார் வாய் சும்மா இருக்குமா?

“அதாம்மா நானும் நெனச்சேன். நீ படுத பாட்டப் பாக்க முடியாமத்தான் அப்படிச் சொன்னேன். ஒம் மனசு எனக்குத் தெரிஞ்சிருக்கு பாரு” என்றேன்.

செண்பகவல்லி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

“எனக்கு வலியில கோட்டி பிடிச்சுக் கிடந்துச்சு அண்ணே. நீ நல்லாத்தான இருந்த?”